பதினான்கு நிமிடம்

மேசை மணிக்கு மாதம் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டால் போதும். அதிகம் விட்டால் சத்தம் மொண்ணையாகிவிடும். எட்டு வருடமாக அந்த மணி என் பொறுப்பில்தான் இருக்கிறது. ஒரு நாளும் அது மக்கர் செய்ததில்லை.

திருவள்ளூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் பியூன். மே மாதம் பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் எங்கள் ஹாலில் மொழியியல்காரர்கள் இரண்டு நாள் கூடுவார்கள். ஒலி வாயில் எந்த இடத்தில் பிறக்கிறது என்று ஒருவர் பேசுவார். எந்திரத்துக்குச் சொல்லின் அர்த்தத்தைக் கற்றுக்கொடுத்துவிடலாம் என்று ஸம்பத்குமார் என்பவர் பேசுவார். அந்த எந்திரத்தை அவரே போட்டோவில்தான் பார்த்திருந்தார். இருந்தாலும் நன்றாகப் பேசுவார்.

முதல் வருடம் ஒரு பெரியவர் ஒரே ஒரு எழுத்தைப் பற்றி இரண்டரை மணி நேரம் பேசினார். அறுபது பேருக்கு வடித்த சோறு ஆறிப்போனது. அதிலிருந்து செயலாளர் ராமபத்ரன் சார் ஒரு விதி போட்டார். பதினைந்தாவது நிமிடம் ஒரு மணி. இருபதாவது நிமிடம் இரண்டு மணி. இரண்டு மணி அடித்தால் எப்பேர்ப்பட்ட மேதையும் இறங்கிவிட வேண்டும். முடிக்காதவர் அடுத்த வருடம் வந்து முதலிலிருந்து படிக்கலாம். முடித்த கட்டுரைதான் புத்தகத்தில் அச்சாகும். மணியையும் ஒரு கைக்கடிகாரத்தையும் சார் என்னிடம் கொடுத்தார்.

யேசுதாஸ் முதன்முதலில் வந்தது எழுபதாம் வருடம். நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் தற்காலிக வேலை. நான்கு வருடத்துக்குள் ஒரு கட்டுரையாவது அச்சில் வந்தால்தான் வேலை நிரந்தரம் என்று சொல்லிவிட்டார்களாம். பேச்சில் சொல்லின் கடைசி ஒலி எப்படித் தேய்கிறது என்பது அவர் கட்டுரை. மூன்று பாகம். இரண்டாம் பாகத்தின் நடுவில் நான் இரண்டு மணி அடித்தேன். அது நேர்மையான மணி. அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

அவர் தாழ்வாரத்துக்கு வந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சவம், தீரல்லியே. எனக்க மூணாம் பாகத்திலதான் விஷயமே கெடக்கு. ஒரே வெப்ராளமா வருது."

நானும் அதே பக்கம், தக்கலைக்காரன். இங்கே வந்த பன்னிரண்டு வருடத்தில், மனப்பதைப்புக்கு எங்கள் ஊரில் சொல்லும் வெப்ராளம் என்ற சொல்லை யார் வாயிலிருந்தும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. சொன்னால் இங்கே யாருக்குப் புரியும்? நான் ஊரைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. "தக்கலையா? அப்பம் நம்ம ஆளாக்கும். வாருங்க அண்ணாச்சி, இங்க இரியுங்க." சாயங்கால ரயில் வரும்வரை பேசிக்கொண்டே இருந்தோம். பேசியது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. மரச்சீனிக் கிழங்கு, மழை, ஒரு பாதிரியாரின் சைக்கிள். அன்றைக்கு ராத்திரி எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

முடித்திருந்தால் அவர் மறுபடி வந்திருக்க மாட்டார். அதை நான் யோசித்துப் பார்த்தேன்.

அடுத்த வருடம் அவர் கட்டுரையைச் சுருக்கி, சரியாக இருபது நிமிடத்துக்குக் கொண்டுவந்திருந்தார். நான் பதினேழில் அடித்தேன். மூன்று நிமிடம்தான். சுவர்க்கடிகாரத்தை அதற்கு முந்தின வாரமே பழுதுபார்க்க அனுப்பியிருந்தேன். மேடையில் நிற்கிறவருக்கு நேரம் தெரியாது. கீழே இருக்கிறவர்களுக்குப் பசி. அதற்கடுத்த வருடம் பதினாறில் அடித்தேன்.

ராமபத்ரன் சார் அவர் தோளைத் தட்டி, "விதின்னா விதிதான் ஓய். அடுத்த வருஷம் முதல் பேச்சு உம்முடையது" என்றார். அவரும் நல்ல மனிதர்தான்.

எழுபத்து மூன்றில் யேசுதாஸ் முன்னுரையை எடுத்துவிட்டார், உதாரணங்களை எடுத்துவிட்டார், வணக்கம் சொல்வதைக்கூட எடுத்துவிட்டார். பதினைந்து நிமிடத்துக்குள் முடிக்கப் பார்த்தார். மூன்றாம் பாகத்துக்குப் பக்கத்தைப் புரட்டும்போது பதிமூன்று. இரண்டு மணி அடித்தேன். ஆக மொத்தம் நான் எடுத்துக்கொண்டது பதினான்கு நிமிடம். ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தை அதைவிட அதிகமாகத் தள்ளிப்போடுகிறார்கள்.

டீ போடுகிற குப்பன் ஒருவன்தான் கேட்டான்.

"இன்னாபா, மத்தவங்க பேசி முடிக்கிறதுக்குள்ள மூணு கெட்டிலு கொதிக்குது. அந்தாளுக்கு ரெண்டுகூட கொதிக்கல. அதுக்குள்ள மணி அட்சிட்ட?"

"உன் அடுப்பு இன்றைக்கு மந்தம்."

"அடுப்பு மந்தமா? சர்தான். உன் ஊர்க்காரனாச்சேன்னு கேட்டேன். இல்லாங்காட்டி எனக்கு இன்னா வந்துச்சி?"

அன்று சாயங்காலமும் தாழ்வாரத்தில் பேசினோம். இந்தத் தடவை நான்தான் அதிகம் பேசினேன். அவர் கட்டுரையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

மறு வருடம் ஸம்பத்குமார் அதே விஷயத்தை வேறொரு இடத்தில் அச்சிட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். நான்கு வருடம் முன்வரிசையில் உட்கார்ந்து முக்கால் பங்கைக் கேட்டவருக்கு மீதிக் கால் பங்கு தானாகவே தோன்றிவிடும். யேசுதாஸைக் கல்லூரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு கார்டு போட்டிருந்தார்: "தீந்துது அண்ணாச்சி."

நான் அவரைக் கைவிடவில்லை. கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த ஒரு கம்பெனியில் ஆளைப் பிடித்து, கேட்டில் டைம் கீப்பர் வேலை வாங்கிக்கொடுத்தேன். யார் எத்தனை நிமிடம் தாமதம் என்று குறிக்கிற வேலை. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ஒங்கள மாதிரி ஒரு மனுஷன நான் கண்டதில்ல" என்றார். வருடத்துக்கு ஒரு நாள் வந்தவர் வாரத்துக்கு ஒரு நாள் வர ஆரம்பித்தார். சனிக்கிழமை சாயங்காலம் பெரியபாளையம் வழியாக பஸ் பிடித்து என் அறைக்கு வந்துவிடுவார். மீன் வாங்கி, தேங்காய் அரைத்து, எங்கள் ஊர்ப் பக்குவத்தில் குழம்பு வைப்பேன். இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன செய்ய முடியும்?

ஒரே ஒரு குறை. இரண்டு வருடம் லாரிக்காரர்களோடும் வெல்டர்களோடும் பழகியதில் அவர் பேச்சு மாறிவிட்டது. போன சனிக்கிழமை தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "இன்னாபா, எப்பப் பாத்தாலும் ஊரு ஊருன்னு பேசிகினு. பேஜாரா கீது. துன்னுட்டுப் படு" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மனிதர்கள் மாறத்தான் செய்வார்கள்.

இந்த வருடப் பட்டியலை ராமபத்ரன் சார் நேற்று கொடுத்தார். எங்கள் ஊருக்குப் பக்கத்துக் குளச்சலிலிருந்து சுப்பிரமணி என்று ஒரு புதுப் பையன் வருகிறான். கட்டுரை நாற்பது பக்கமாம். அத்தனையையும் அவன் எப்படி முடிக்கப்போகிறானோ என்று எனக்கு இப்போதே பாவமாக இருக்கிறது.