எழுதுகிற கை

“ஏம்மா, ஒங்களுக்குக் கோவமே வராதாங்க?” என்று எங்கள் கல்லூரி வாட்ச்மேன் மாயவன் ஒருமுறை என்னிடம் கேட்டான். வராது என்றேன். உண்மைதான். முதல்வராக இருந்த இத்தனை வருஷத்தில் ஒரு மாணவியைக்கூட நான் உரக்கத் திட்டியதில்லை.

வரலாற்று ஆசிரியர் குருநாதன் மீதும் எனக்குக் கோபம் கிடையாது. நன்றாகப் பாடம் நடத்துவார். எண்பத்திரண்டில், பொங்கல் விடுமுறைக்கு மாணவிகளுக்கு ஒரு கட்டுரை கொடுத்தார். ‘நம் கல்லூரி நிற்கும் இடம் முன்பு என்னவாக இருந்தது? ஊரில் விசாரித்து எழுதுக.’

அது ஏரி. ஆண்டிமடம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் தாளாளர் அதைத் தூர்த்துக் கட்டடம் எழுப்பியபோது யாரும் வாய் திறக்கவில்லை. இப்போது வீட்டுப் பெண்கள் பேனாவோடு போய்க் கேட்டதும் எல்லோருக்கும் பேச்சு வந்துவிட்டது. கலெக்டரிடம் மனு கொடுக்கப் போவதாகச் சொன்னார்கள். கல்லூரியை மூடிவிட்டால், முந்திரிக்காட்டு வேலைக்குப் போகாமல் படிக்க வந்த இந்தப் பெண்கள் எங்கே போவார்கள்? அதைத்தான் குருநாதனிடம் கேட்டேன். கட்டுரையை வாபஸ் வாங்கச் சொன்னேன்.

“காலேஜ் உங்களுது மேடம். பாடம் என்னுது,” என்று சிரித்தார். “ஏரிதான் நம்ம ரெண்டு பேருதும் இல்ல.”

அந்த மனுவை ஊர்க்காரர்களுக்காக அவரே எழுதிக்கொடுக்கிறார் என்று பிறகு தெரிந்தது. அவர் கை கொஞ்ச நாள் ஓய்ந்திருந்தால் நல்லது என்று எனக்குத் தோன்றியது. மாயவனிடம் சொன்னேன். அவன் மகள் எங்கள் கல்லூரியில் சம்பளம் கட்டாமல் படித்துக்கொண்டிருந்தாள். அதை நான் நினைவூட்டவில்லை. அவனுக்கே நினைவிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பேச வேண்டும் என்று குருநாதனைக் கல்லூரிக்கு வரச்சொன்னேன். மாயவனும் அவன் மச்சான் சின்னதுரையும் அவரைப் பின்பக்கத்துக் குழாயடிக்கு இழுத்துப்போனார்கள். நான் வராந்தாவில் நின்றேன். பொறுப்பில் இருப்பவர் அந்த நேரத்தில் வீட்டில் உட்கார்ந்திருப்பது சரியல்ல.

சின்னதுரை அவர் மார்பில் ஏறி உட்கார்ந்தான். மாயவன் கையைச் சிமெண்டுத் திட்டின் மேல் நீட்டிவைத்து, கடப்பாரையின் மொட்டை முனையால் விரல்களை ஒவ்வொன்றாக நசுக்கினான். சார் பேசுவது கடைசி பெஞ்சுக்குக் கேட்கவில்லை என்று மாணவிகள் என்னிடம் குறை சொல்வார்கள். அன்றைக்கு ரோடு வரை கேட்டிருக்கும்.

“சோத்துக் கைய முடிச்சாச்சும்மா. இனிமே பேனா புடிக்க மாட்டாரு,” என்றான் மாயவன். மூச்சு வாங்கினான்.

அங்கேதான் அவன் தவறு செய்துவிட்டான். சோறு தின்கிற கைதான் எழுதும் என்று நினைத்துவிட்டான். தன் ஆசிரியர்களை வகுப்புக்கு வகுப்பு போய்க் கவனிக்கிறவளுக்குத்தான் இதெல்லாம் தெரியும்.

“மாயவா, சார் எழுதறது நொட்டாங்கையில,” என்றேன்.

சின்னதுரை என்னை அண்ணாந்து பார்த்தான். “போதும் மச்சான், வுட்டுருவோம். மனுசன் செத்துருவாரு,” என்றான். நான் அங்கேயே நின்றேன். மாயவன் அடுத்த கையைத் திட்டில் எடுத்துவைத்தான்.

எல்லாம் சொந்தப் பகை என்று ஒப்புக்கொண்டு மாயவன் சிறைக்குப் போய்விட்டான். குருநாதன் என் பெயரைச் சொன்னதைப் போலீசார் எழுதிக்கொள்ளவில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து விசாரிக்க வந்தவர்கள், அந்தக் கட்டுரைக்கு முதல்வரின் அனுமதி பெறப்பட்டதா என்று மட்டும் கேட்டார்கள். இல்லை என்றேன். நான் பொய் சொல்வதில்லை. மற்றதை நீங்கள்தான் கேட்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்.

குருநாதனின் மனைவி பச்சையம்மாள் ஒருநாள் என் அறைக்கு வந்தார். கணவருக்கு அவர்தான் சோறு ஊட்டிவிடுகிறாராம். காபி வரவழைத்துக் கொடுத்தேன்.

“சாரோட வேலை அப்படியே இருக்குங்க. போர்டுல எழுத வேணாம், வாயால நடத்தட்டும். நான் யாரையும் கைவிட்டதில்ல,” என்றேன்.

அவர் காபியைத் தொடவில்லை. மேசைமேல் இருந்த என் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நன்றி சொல்ல நா எழவில்லை போலும், எழுந்து போனார்.