ஃப்ரீசரில் இருப்பது கழிவு அல்ல

மேடையில் அமர்ந்திருக்கும் ஆய்வுக்கழகத் தலைவர் அவர்களே, பேராசிரியர்களே, எங்கள் டாக்டரம்மாவின் தங்கை அவர்களே, கூடத்தின் பின்வரிசைகளில் இடம் கொடுக்கப்பட்ட நோயாளிச் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய ஐந்து பேரும் "ஈடுசெய்ய முடியாத இழப்பு" என்றீர்கள். தலைவர் அவர்கள், "அம்மையாரின் பணி என்றும் வாழும்" என்றார். அப்படியா ஐயா? அப்படியானால், அவருடைய ஆய்வறை ஃப்ரீசரில் நேற்று ஒட்டிய தாள் யாருடையது? "வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்யவும். உள்ளே உள்ளவை கழிவு." கீழே உங்கள் கையெழுத்து!

அந்தக் கழிவில் என் ரத்தமும் இருக்கிறது. இருபது குழாய்.

என் அம்மாவிடமிருந்து, கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைட்டிஸ் கிருமி பிறக்கும்போதே எனக்கு வந்துவிட்டது. ஏழு வயதிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டரம்மாவிடம் கை நீட்டுகிறேன். அம்மாவுக்குக் கல்லீரலில் புற்றுநோய் வந்தபோது, பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லாமல் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். எனக்குத் தெரிந்த அறிவியல் எல்லாம் ஊசி குத்தும் நாற்காலியில் கற்றதுதான்.

"பழைய ரத்தத்தை எதுக்கு டாக்டரம்மா சேத்து வைக்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மைக்ரோ ஆர்.என்.ஏன்னு ஒண்ணு இருக்குடி. துளியூண்டு துண்டு. இவ்வளவுதான் வளரணும்னு செல்லை அதட்டி வைக்கிற மேஸ்திரி மாதிரி. கல்லீரல் கெட ஆரம்பிச்சா சில மேஸ்திரிங்க காணாமப் போயிடுவாங்க. கட்டி ஸ்கேன்ல தெரியறதுக்கு முன்னாடியே அது ரத்தத்துல தெரியுதான்னு பாக்கறேன். அதுக்குக் கட்டி வராதப்போ எடுத்த ரத்தம் வேணும்ல?"

என் அம்மா இறந்தபின், அம்மாவிடம் முன்பு எடுத்து வைத்திருந்த ரத்தத்தை டாக்டரம்மா சோதித்தார். தெரிந்தது! ஸ்கேனுக்குப் பதினான்கு மாதம் முன்பே ஒரு துண்டு பாதியாகக் குறைந்திருந்தது. அந்தத் தாளை என்னிடம் காட்டிவிட்டு, "அப்ப எனக்கு இதைப் படிக்கத் தெரியலையேடி" என்று அழுதார். மறுநாளே, "ஒரு ஆளை வெச்சு எதையும் சொல்லக்கூடாது. முந்நூறு பேரைப் பாக்கணும்" என்று உட்கார்ந்துவிட்டார். நூற்றுப் பன்னிரண்டு பேரை முடித்தார். மற்றவர்கள் ஃப்ரீசரில் காத்திருக்கிறார்கள்.

இதோ, லாரி ஓட்டும் அண்ணன் இருக்கிறார். "போன தடவை எடுத்த ரத்தத்தை என்ன பண்ணீங்க, வித்துட்டீங்களா?" என்று டாக்டரம்மாவிடம் கேட்பார்.

"ஆமாடா, வித்துத்தான் மாளிகை கட்டியிருக்கேன். மழை பெஞ்சா ஒழுகுது, வந்து ஓடு மாத்திக் குடு. வாயை மூடிட்டுக் கையை நீட்டு!"

அண்ணன் ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

தலைவர் ஐயா, அந்த ஃப்ரீசரைக் காப்பாற்ற டாக்டரம்மா உங்கள் நான்காம் மாடிக்கு எத்தனை முறை ஏறி வந்தார்? புதிய இயந்திரத்துக்கு இடம் வேண்டும் என்றீர்கள். பார்க்கலாம் என்றீர்கள். அவர் கண்மூடிய ஆறாம் நாள் பார்த்துவிட்டீர்கள்!

ஈடுசெய்ய முடியாதது எது என்று நான் சொல்கிறேன். இயந்திரத்துக்கு இன்னொரு அறை கிடைக்கும். ஏழு வயதில் எனக்குள் ஓடிய ரத்தத்தை இனி எந்த ஊசியால் எடுப்பீர்கள்? என் அம்மாவிடமிருந்து எடுப்பீர்களா? ஒருமுறை உருகினால் அந்தத் துண்டுகள் சிதைந்துவிடும் என்று எனக்கே தெரியும். உங்களுக்குத் தெரியாதா?

ரத்தம் கொடுத்தபோது நாங்கள் கையெழுத்திட்ட படிவத்தில், எங்களைக் கேட்காமல் அழிக்கக்கூடாது என்று ஒரு வரி உண்டு. யாரைக் கேட்டீர்கள்? அறுபத்துமூன்று பேர் இங்கே வந்திருக்கிறோம். இப்போது கேளுங்கள். கூடாது என்கிறோம்!

இந்தக் கூட்டம் கலைந்ததும் இரண்டிரண்டு பேராக அந்த ஃப்ரீசர் முன்னால் உட்காரப் போகிறோம். நீங்கள் அந்தத் தாளை ரத்து செய்து எழுத்தில் தரும்வரை எழுந்திருக்க மாட்டோம். டாக்டரம்மாவுக்கு எங்களால் செய்ய முடிந்த மரியாதை இதுதான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நான் ரத்தம் கொடுக்க வேண்டிய முறை. காலை எட்டு மணிக்கு, வெறும் வயிற்றோடு அதே நாற்காலிக்கு வருவேன்.

மேடையில் இருப்பவர்களே, உங்களில் யார் என் ரத்தத்தை எடுக்கப் போகிறீர்கள்?