பதில் அனுப்பாதோர்

வல்லக்கோட்டை முருகன் கோயில் வரிசையில், ஆலையொன்றில் பணிபுரியும் பெண்கள் இருவர் எனக்கு முன்னே நின்றனர்.

"முருகா, பதில் போடாதவங்கள நீதான் காப்பாத்தினே!" என்றாள் இளையவள்.

"இன்னாடி ஆச்சு?"

"நம்ம ஊருக்கு வர்ற கம்பெனி பஸ் இன்னும் வேணுமான்னு கேட்டு வூட்டுக்குத் தபால் வந்துச்சில்ல? உடனே பதில் போட்டதெல்லாம் பைக்ல வர்றவங்கக்கா. வேணாம்னுட்டாங்க."

"அடப்பாவிங்களா! பஸ்ஸு போச்சா?"

"இல்லக்கா. லேட்டா பதில் போட்டவங்கள்ல பாதிப்பேரு வேணும்னாங்களாம். ஆபீஸ் மேடத்துக்குச் சந்தேகம் வந்து, பதிலே போடாதவங்களுக்கு போன் போட்டாங்க. எல்லாம் நம்மள மாதிரி பதில் போடக்கூட நேரமில்லாம ராத்திரி வரைக்கும் ஓ.டி. பாத்துக்கினு கீறவங்க. பஸ் இல்லேன்னா வேலையவே வுட்ருவோம்னாங்களாம். இனிமே பஸ்ஸ ரத்து பண்ண மாட்டாங்க."

மூத்தவள் நிம்மதிப் பெருமூச்செறிந்தாள். "எனக்கு வந்த தபாலு இன்னும் சாம்பார் சட்டிய மூடிக்கினு கீதுடி."