காலை ஏழு மணி நேர்முகப் பரீட்சை

விசாரணை அதிகாரி அவர்களே, அதிகாலையில் துயிலெழுதல் நற்பழக்கம் என்பதைத் தாங்களும் ஏற்றுக்கொள்வீர்கள். யுத்த காலம் முழுவதிலும் தன்னாமுனையிலிருந்து துவிச்சக்கரவண்டியில் சென்ற நான், ஒரு நாளேனும் அலுவலகத்திற்குப் பிந்தியதில்லை.

பல்கலைக்கழகத்தில் எழுதுவினைஞனாக இருந்துகொண்டே, நாற்பத்தாறாவது வயதில் வெளிவாரிப் பட்டம் பெற்றவன் நான். ஆகவே தரம் பற்றி உரைக்கும் தகுதி எனக்கு உண்டு.

புவியியல் துறையில் ஒரு விரிவுரையாளர் பதவி வெற்றிடமாயிற்று. விண்ணப்பித்தோர் இருவர். அவர்களுள் ஒருத்தி கண்ணகை. வாவிக்கு மேற்கே, சூரியன் படும் கரையாகிய படுவான்கரையில், வேளாண்மைக் குடும்பத்தில் பிறந்தவள். முதல் வகுப்புச் சித்தி. இருபத்துமூன்று வயதில் அது பெரிய காரியமன்று. அவ்வயதில் மூளைக்கு வேறு வேலை இல்லை. கருத்தரங்கொன்றில் ‘நெல்வயற் பரப்பு’ எனக் கூறவேண்டிய இடத்தில் ‘வட்டை’ என்றாள். பேராசிரியர்கள் ரசித்துத் தலையசைத்தார்கள். தரம் இவ்வாறுதான் வீழ்ச்சியடைகின்றது.

நேர்முகப் பரீட்சைக்கு நேரம் குறிப்பதை அற்ப வேலையென எல்லோரும் கருதியதால், அது என்னிடம் விடப்பட்டது. காலை ஏழு மணி எனக் குறித்தேன். வாவித் துறையின் காவலரண் எட்டு மணிக்குத்தான் திறக்கப்படும். படுவான்கரையார் நகரில் இரவு தங்கவும் அனுமதியில்லை. இவற்றை அறிந்தே குறித்தேன்.

அவள் என்னிடம் வந்தாள்.

“சேர், சென்றி தொறக்கிறதே எட்டு மணிக்கு. பத்து மணிக்கு வெச்சா ஒங்களுக்கு என்ன குறையப் போகுது?”

“எல்லாருக்கும் ஒரே நேரம்தான் தங்கச்சி. ஒங்களுக்கு மட்டும் சூரியன் புறம்பா உதிக்குமா?”

“எங்கட பக்கம் அவர் படுக்கத்தானே வாறவர் சேர்.”

அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அதன் பின்னரே நான் ஆலோசனை வழங்கினேன்.

“விடியிறத்துக்கு முந்தித் தோணியில வாங்க. லாம்பைக் கொளுத்தி முன்னுக்கு வெச்சிக்கொள்ளுங்க. ஒளிச்சி வாறவன்தான் இருட்டில வருவான். வெளிச்சத்தைக் கண்டா நல்ல சனம் எண்டு விட்டிருவாங்க.”

“மெய்யாவா சேர்? அப்ப அப்பாவோட வாறன்.”

விடியுமுன் வாவியில் தெரியும் எந்த வெளிச்சத்தை நோக்கியும் இரு கரையில் உள்ளோரும் சுடுவார்கள் என்பதை நான் அறிவேன். புவியியல் பயின்ற அவளும் அறிந்திருக்க வேண்டும்.

வெடிச்சத்தம் கேட்டபோது நான் முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன். கன்னத்தில் கீறலேனும் ஏற்படவில்லை. எந்தக் கரையிலிருந்து சுடப்பட்டது என்பது எனது பாடப்பரப்புக்கு அப்பாற்பட்டது. தோணியில் லாம்பு எரிந்தவாறே இருந்ததாம். ஆலோசனையை அவள் சரியாகவே பின்பற்றியிருக்கின்றாள். தோணி வலித்த தகப்பனாரும் இறந்தார். அவர் விண்ணப்பதாரி அல்லர். ஆதலால் அவரைப் பற்றி நான் கருத்துரைக்க விரும்பவில்லை.

மற்றைய விண்ணப்பதாரி யாரெனக் கேட்கின்றீர்கள். ஏழு மணிக்குக் கதவடியில், கழுத்துப்பட்டி அணிந்து நின்றவன் நானே. நேரத்தைக் குறித்தவனும், லாம்பைக் கொளுத்தச் சொன்னவனும் நானே. இவற்றை நான் மறுக்கவில்லை.

எனினும் ஒன்றை மட்டும் திருத்தமாக எழுதிக்கொள்ளுங்கள்: பதவியை நான் எவரிடமிருந்தும் பறிக்கவில்லை. பகிரங்கப் போட்டியில் முதலாமிடம் பெற்றேன்.