ஊதி ஆற்றும் காப்பி

திருச்சுழி பஸ் அருப்புக்கோட்டையில் புறப்படக் காத்திருந்தது. எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள்.

“சுடரு ஆடுற மாதிரி வெளக்க ஊதச் சொன்னாரு டாக்டரு,” என்றாள் ஒருத்தி. “வெசக்காச்சல் நெஞ்சுல எறங்குனதுலேருந்து எங்க வீட்டுக்காரவுகளுக்கு நாலு எட்டு வச்சா மூச்சு எளைக்கும்ல?”

“வெளக்க வாயால ஊதுறதாவது!”

“எங்க அத்தையும் அப்படித்தான் சத்தம் போட்டாக. பெறகு டாக்டரு, சுடுகாப்பிய மெதுவா ஊதுங்கன்னுட்டாரு. இவுக, தன் காப்பி ஆறிருச்சுன்னா அடுப்படிக்கு வந்து என் தம்ளரையும் வாங்கி ஊதுறாக. அடுப்படிய எட்டிப் பாத்த மனுசரா?”

“இப்பத் தேவலையா?”

“நல்லாயிருச்சு. இனி ஊத வேணாம்னு டாக்டரு என்கிட்டச் சொல்லிட்டாரு.”

“அண்ணனுக்குத் தெரியுமா?”

“நான் எதுக்குச் சொல்றேன்?”

ஜன்னலுக்கு வெளியே ஒருவர் உதட்டைக் குவித்து ஊதியபடி வந்து, காப்பித் தம்ளரை அவளிடம் நீட்டினார். அவள் தொட்டுப் பார்த்தாள்.

“இன்னுஞ் சுடுதே,” என்றாள்.