இரண்டாவது தட்டு

இரவு இரண்டு மணி நாற்பது. காரின் கடிகாரம் அப்படித்தான் காட்டியது. அந்தக் காரில் பழுதாகாமல் மிச்சமிருந்த சொற்பப் பொருள்களில் அந்தக் கடிகாரமும் ஒன்று. இரு பக்கமும் ஆளுயரத்துக்குக் காய்ந்த புல். நடுவே நூல் பிடித்தாற்போல் ஒரு சாலை. விளக்குக் கம்பம் கிடையாது. வீடு கிடையாது. எதிரே ஒரு வண்டி வந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது…

அந்த ஜன்னலைச் சாத்திவிட்டு இப்படி நெருங்கி உட்காருங்கள். நம் தையல் இயந்திரம் பழுது பார்க்கிறவர் இருக்கிறாரே, அவருடைய சித்தப்பா மகனுக்கு நடந்தது இது. புத்தகம் தைத்து அட்டை போடுகிற வேலை அவனுக்கு. அதனால் ஊருக்கெல்லாம் அவன் பைண்டர். பேய் என்று யாராவது பேச்செடுத்தாலே விழுந்து விழுந்து சிரிப்பான். இப்போது சிரிப்பதில்லை.

காரில் மூன்று பேர். முன்னால் பைண்டரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் மருந்துக்கடை வைத்திருப்பவன். பின்னால் இருந்தவன் பைண்டரின் தங்கையைக் கட்டியவன். மூவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. தங்கையைக் கொடுத்த நாளிலிருந்து அவன் மாப்பிள்ளை ஆனான், பைண்டர் அவனுக்கு மச்சான் ஆனான். மற்றபடி வாடா போடாதான். மாப்பிள்ளைக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. ஒரு முறை ஏணி சரிந்து வலது முழங்கால் போயிற்று. நடப்பான். ஓட முடியாது.

ஆறு நாள் பயணம் என்று கிளம்பினார்கள். புறப்படும்போது தங்கை காரின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, அவருக்கு வலிச்சாலும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார். நீதான் பாத்துக்கணும்."

"உன் புருஷன் என்ன கண்ணாடிப் பாத்திரமா? கொண்டுபோன மாதிரியே கொண்டுவந்து வாசல்ல இறக்கி விடுறேன். போம்மா உள்ளே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் மனதுக்குள் ஒப்புக்கொண்டான்.

கார் அவன் கைக்கு வருவதற்குள் நாலு பேர் கை மாறியிருந்தது. இரண்டாம் நாளே செல்ஃப் போய்விட்டது. சாவியைத் திருப்பினால் ஒரு முனகல், அவ்வளவுதான். வழியில் ஒரு மெக்கானிக் குனிந்து பார்த்தார். "சாமான் வர ஒரு வாரம் ஆகும் தம்பி. அதுவரைக்கும் அணைக்காதீங்க. அணைஞ்சா தள்ளுங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஓட்டத் தெரிந்தவன் பைண்டர் ஒருவன்தான். ஆகவே மற்ற இருவரும் தள்ள வேண்டும். இன்ஜின் பிடித்ததும் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் மறுபடி அணைந்துவிடும். கார் ஊர்ந்துகொண்டே இருக்கும், இவர்கள் கூடவே ஓடித் தொற்றிக்கொள்ள வேண்டும். முதல் தடவை ஒரு பெட்ரோல் பங்கில் மருந்துக்கடை தாவி ஏறினான். பைண்டர் ஆக்ஸிலேட்டரை அழுத்திப் போய்க்கொண்டே இருந்தான். மாப்பிள்ளை நொண்டிக்கொண்டு, கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தான். பங்கில் இருந்தவர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

அன்றைக்கு ஏற்பட்டதுதான் அந்த வழக்கம். ஏறியவன் ஜன்னல் வழியாகக் கையை வெளியே விட்டுக் கூரையில் ஒரு தட்டு தட்ட வேண்டும். முன்னால் ஒரு தட்டு, பின்னால் ஒரு தட்டு. இரண்டு தட்டு விழுந்தால் பைண்டர் வேகமெடுப்பான். திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. பார்த்தாலும் ஒன்றும் தெரியாது, பின்கண்ணாடி முழுக்கப் பெட்டியும் படுக்கையும்.

"நான் தட்டலைன்னா போயிடாதீங்கடா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றான் மாப்பிள்ளை.

"தட்டினாலும் விட்டுட்டுப் போகலாம்னுதான் இருக்கேன். காருக்குப் பாரம் குறையும்" என்றான் மருந்துக்கடை.

நாலு நாளில் இருபது தடவையாவது தள்ளியிருப்பார்கள். ஒரு தடவைகூடத் தவறவில்லை.

ஐந்தாம் நாள் இரவு… இரண்டு நாற்பது. பைண்டருக்குக் கண் சொக்கியது. சாலையில் ஒரு சிறிய பாலம். இரண்டு பக்கமும் இடுப்பளவு கட்டைச் சுவர். அங்கே சாலை குறுகியதை அவன் தாமதமாகத்தான் பார்த்தான். பிரேக்கை மிதித்தான், கிளட்சை மறந்தான். கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

அமைதி.

சூடான இன்ஜின் ஆறுகிற சத்தம் மட்டும். டிக்… டிக்… டிக்… பிறகு அதுவும் நின்றது. காய்ந்த புல்லின் வாசனை வந்தது. அதற்குள்ளே இன்னொரு வாடை. நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்த சாக்கை எடுத்துப் பிழிந்தால் வருமே… அது. பாலத்தின் அடியில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"இறங்குங்கடா ராசாக்களா" என்றான் பைண்டர்.

மாப்பிள்ளை வழக்கம்போல் செருப்பைக் கழற்றி உள்ளேயே விட்டான். செருப்போடு தள்ளினால் அவனுக்கு வழுக்கும். வழக்கம்போல் பின்கதவை ஒருக்களித்து வைத்தான். இரண்டு பேரும் முதுகைக் கொடுத்தார்கள். பாலத்துக்கு அப்பால் சாலை சற்றுச் சரிவு. கார் உருண்டது. கியர், கிளட்ச், ஓர் உதறல்… இன்ஜின் பிடித்துக்கொண்டது.

தட்.

முன்னால். மருந்துக்கடை மூச்சிரைக்க உள்ளே விழுந்தான், கண்ணை மூடிக்கொண்டான்.

பைண்டர் காரை ஊர விட்டான். ஒன்று… இரண்டு… மூன்று… மனதுக்குள் எண்ணினான். பத்து வரை எண்ணிவிட்டான். பாவம், கால் வலி என்று நினைத்தான்.

தட்.

பின்னால். மெதுவாக. உள்ளங்கை முழுவதும் படிகிற மாதிரி.

பைண்டர் வேகமெடுத்தான்.

கொஞ்ச தூரம் போனதும் பின்கதவு ஆடத் தொடங்கியது. டொக்… டொக்… பள்ளம் வரும்போதெல்லாம் டொக்.

"மாப்ளே, கதவை நல்லாச் சாத்து."

கதவு ஆடிக்கொண்டேதான் இருந்தது. தள்ளி முடித்ததும் காலை நீட்டிப் படுத்துவிடுவது அவன் பழக்கம். பைண்டர் இன்னும் கொஞ்சம் ஓட்டினான். டொக்… டொக்… அப்போதுதான் அவனுக்கு ஒன்று உறைத்தது. பக்கத்தில் கண்மூடிக் கிடந்த மருந்துக்கடையின் மூச்சு கேட்டது. பின்னால் மூச்சுச் சத்தமே இல்லை.

"டேய்… பின்னாடி லைட் அடிச்சுப் பாரு."

மருந்துக்கடை போன் வெளிச்சத்தைத் திருப்பினான். மெதுவாக, "செருப்பு இருக்குடா" என்றான்.

"ஆளு?"

"செருப்புதான் இருக்கு."

மாப்பிள்ளையின் போன் முன்னால் சார்ஜில் கிடந்தது.

காரை நிறுத்தாமல் எப்படித் திருப்பினான் என்று பைண்டருக்கு இன்றைக்கும் நினைவில்லை. சக்கரம் ஒரு முறை மண்ணில் இறங்கி ஏறியது. புல் ஜன்னலுக்குள் வந்து அவன் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனது. ஏழு கிலோமீட்டர் வந்திருந்தார்கள். வரும்போது தெரியாத தூரம், திரும்பும்போது நீண்டுகொண்டே போனது. தங்கையின் முகம் கண் முன்னால் நின்றது. மருந்துக்கடை ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தான்.

"ரெண்டு தட்டு கேட்டுச்சுதானே?"

"கேட்டுச்சு."

"எனக்கும் கேட்டுச்சுடா."

பாலம் வந்தது.

கட்டைச் சுவரின் ஓரத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தான். நடுவில் அல்ல, ஓரத்தில். இன்னொருவர் உட்கார இடம் விட்டு ஒதுங்கி உட்காருவோமே, அப்படி. முகம் அந்தக் காலி இடத்தின் பக்கம் திரும்பியிருந்தது. அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

வெளிச்சம் விழுந்ததும் எழுந்தான். காரைப் பார்க்கவில்லை. புல்லைப் பார்த்துக் கூப்பிட்டான்.

"மச்சான்! வண்டி வந்துடுச்சு. சீக்கிரம் வாடா!"

பைண்டர் காரை ஊர விட்டான். மருந்துக்கடை குதித்து இறங்கி, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துவந்து பின்னால் தள்ளி, தானும் ஏறிக் கதவை அறைந்து சாத்தினான். இந்தத் தடவை யாரும் கூரையைத் தட்டவில்லை.

"நிறுத்துங்கடா! மச்சான் வரலை! அவனை விட்டுட்டா போறீங்க?"

"வண்டியை யாருடா ஓட்டுறான்? கண்ணைத் திறந்து பாரு! அவன்தாண்டா மச்சான்!" மருந்துக்கடையின் குரல் உடைந்தது.

மாப்பிள்ளை முன்னால் எட்டி, பைண்டரின் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு மருந்துக்கடையின் காதருகே போய், ஆனால் பைண்டருக்குக் கேட்கிற மாதிரி சொன்னான்.

"நான் ஏறத்தான் போனேன். பின்னாலருந்து தோளைப் பிடிச்சான். 'உனக்குக் கால் வலிக்குது, நீ சொல்ல மாட்டே, உக்காரு'ன்னான். அவனேதான் கூரையைத் தட்டி உங்களை அனுப்பினான். இவ்வளவு நேரம் கூடவே இருந்தான்டா. சின்ன வயசுக் கதையெல்லாம் பேசினான். இப்பத்தான் புல்லுக்குள்ள ஒதுங்கப் போனான். 'நான் வர்றவரைக்கும் போயிடாதே'ன்னான். நானும் சரின்னேன்."

கொஞ்சம் அகலமான இடமாகப் பார்த்து பைண்டர் காரைத் திருப்பினான். வீட்டுக்குப் போக அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். தாண்டும்போது அவன் இடமோ வலமோ பார்க்கவில்லை. பக்கக் கண்ணாடியில் மட்டும் ஒன்று பட்டது. மாப்பிள்ளை ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, இரு, வந்துவிடுகிறேன் என்பதுபோல் உள்ளங்கையைக் காட்டிக்கொண்டிருந்தான்.

சொன்ன சொல்லைப் பைண்டர் காப்பாற்றினான். கொண்டுபோன மாதிரியே கொண்டுவந்து வாசலில் இறக்கினான்.

ஆனால் மாப்பிள்ளை அன்றிலிருந்து அவனை வாடா என்று கூப்பிடவில்லை. "வாங்க" என்றான். "உக்காருங்க" என்றான். புதிதாக வந்த விருந்தாளிக்குக் கொடுக்கிற மரியாதை. பைண்டர் சண்டை போட்டுப் பார்த்தான். பழைய ரகசியங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தான். மாப்பிள்ளை பொறுமையாகக் கேட்டுக்கொள்வான். "இதெல்லாம் அவனும் சொன்னான்" என்பான்.

இரவில் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, "அங்கேயே உக்காந்திருப்பான். ரோஷக்காரன், தானா வர மாட்டான்" என்று முணுமுணுப்பதாகத் தங்கை சொல்லி அழுதாள். வைத்தியரிடம் காட்டினார்கள். மாத்திரை கொடுத்தார். தூங்கினான். விழித்ததும் அதையே சொன்னான்.

ஏழு மாதம் போயிற்று. ஒரு நாள் மாலை, இரண்டு நாளில் வந்துவிடுவதாகச் சொல்லி மாப்பிள்ளை ஒரு வாடகைக் காரில் கிளம்பிப் போனான். எங்கே என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

மூன்றாம் நாள் விடிவதற்கு முன்பே பைண்டரின் போன் அடித்தது. தங்கை.

"அண்ணா… நீ எங்கே இருக்கே?"

"வீட்டுலதான். படுத்திருக்கேன். என்னம்மா? அவன் வந்துட்டானா?"

"வந்துட்டார். இப்பத்தான் வண்டி வாசல்ல வந்து நின்னுச்சு." மூச்சை இழுத்து விட்டாள். "உண்மையாவே வீட்டுலதான் இருக்கியா அண்ணா?"

"ஏன் திரும்பத் திரும்பக் கேக்கிறே?"

"உன்னைக் கூட்டிட்டு வந்திருக்கார்."

பைண்டர் எழுந்து உட்கார்ந்தான்.

"கதவைத் திறக்காதே. சொல்றதைக் கேளு. நான் இதோ கிளம்பி வர்றேன். திறக்காதேம்மா…"

போனுக்குள் தாழ்ப்பாள் நகர்கிற சத்தம். மாப்பிள்ளை சிரிக்கிற சத்தம், ஏழு மாதமாக யாரும் கேட்காத பழைய சிரிப்பு. அதன் பின்னால் இன்னொரு குரல். களைத்துப்போன குரல். பைண்டருக்கு அந்தக் குரலைத் தெரியும். தன் குரலைத் தெரியாமல் போகுமா யாருக்கும்…

"தண்ணி குடும்மா. ரொம்ப நாளா ஒரே இடத்துல உக்காந்திருந்தேன்."

பைண்டர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு தங்கையைக் கூப்பிட்டான். மறுபடி கூப்பிட்டான்.

அவள் பேசினாள். அவனிடம் அல்ல.

"இதோ கொண்டுவர்றேன் அண்ணா."