நடுங்கும் கயிறு

அந்தமானில் பாம்பூஃப்ளாட்டிலிருந்து சாத்தம் போகும் காலைப் படகு. ரம்பத்தைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்திருந்த ஒருவர், பக்கத்திலிருந்த கடைக்கார பாயிடம் சொன்னார்:

“எனக்குப் பயம் வந்தா கீழே நிக்கிறவங்க ஓடுவாங்க பாய்.”

“நீங்க மரம் ஏறுறதுக்கு அவங்க ஏன் ஓடணும்?”

“குவார்ட்டர்ஸ் கட்ட இடம் திருத்துறோம்ல, அங்க எல்லாம் பெரிய மரம். மேலேருந்து கத்தினா கேக்காது. அதனால கயிறுதான் பேச்சு, ஒரு முனை என் கையில, இன்னொரு முனை கீழே நிக்கிறவர் கையில. ரெண்டு இழுப்புன்னா கிளை வெட்டப்போறேன், விலகு. ஒரு இழுப்புன்னா விழுந்துடுச்சு, வந்து எடு.”

“நல்ல ஏற்பாடுதானே.”

“ஏற்பாடு நல்லதுதான். என் கைதான் சரியில்ல. நேத்து மேலே காத்து அடிச்சதும் கயித்தைப் பிடிச்ச கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. கீழே பெங்காலி மேஸ்திரி ஓடுறாரு, வர்றாரு, மறுபடி ஓடுறாரு. அவரு கால்ல அட்டை ஏறிடுச்சு போலன்னு நெனைச்சு நான் வெட்டிட்டேன்.”

“அடப்பாவி. அவருக்கு?”

“தப்பிச்சாரு. தோள்ல கிடந்த துண்டுதான் கிளைக்கு அடியில மாட்டிக்கிச்சு. நான் எறங்கினதும் இந்தியில ஒண்ணுதான் கேட்டாரு: ‘நான் வரணுமா, போகணுமா?’”

சாத்தம் ஜெட்டி நெருங்கியது. பாய் குடையை எடுத்துக்கொண்டார்.

“இன்னிக்கும் ஏறப்போறீங்களா?”

“ஏறத்தான் போறேன். ஆனா மேஸ்திரி புதுச் சட்டம் போட்டுட்டாரு. கீழேயே அடிமரத்தைக் கட்டிப்பிடிச்சு நடுங்கி முடிச்சப்புறம்தான் கயித்தைக் கையில தருவாராம்.”

“அதுக்கு ரொம்ப நேரம் ஆகுமா?”

“மரத்தைப் பொறுத்தது பாய்.”